ஒரு லிட்டர் பெட்ரோலும் இரண்டு அரசுகளும்

இந்தச் சொற்பொழிவின் பொருள் பெட்ரோல் விலை. அதை வைத்துப் பெங்களூருக்கும் டெல்லிக்கும் இடையே ஓயாமல் நடந்துவரும் அரசியல் வழக்கு.

கச்சா எண்ணெய் அரபிக்கடல் வழியாகக் கப்பலில் மங்களூருக்கு வருகிறது. அங்குள்ள எம்.ஆர்.பி.எல். சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோலாகவும் டீசலாகவும் பிரிகிறது. பிறகு குழாயில் ஏறி, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து, ஹாசன் வழியாகச் சுமார் 360 கிலோமீட்டர் ஓடி, பெங்களூரை ஒட்டியுள்ள தேவனகொந்தி கிடங்கில் சேர்கிறது. அங்கிருந்து டேங்கர் லாரியில் நகரத்துப் பெட்ரோல் பங்குகளுக்குப் போகிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் பதிவாகியிருக்கும் நகரம் இது. அந்த வண்டிகளில் பல இந்தக் குழாயையும் இந்த லாரிகளையும் நம்பித்தான் ஓடுகின்றன.

இவ்வளவு தூரம் வந்த எண்ணெயின் விலையில் எண்ணெய்க்கு உரியது எவ்வளவு? வரிக்கு உரியது எவ்வளவு?

2024 ஜூன் மாதக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். பெங்களூரில் அப்போது ஒரு லிட்டர் பெட்ரோல் 102 ரூபாய் 86 காசு. அதில் மத்திய அரசின் கலால் வரி 19 ரூபாய் 90 காசு. மாநில அரசின் விற்பனை வரி 29.84 விழுக்காடு, ரூபாயாக்கினால் ஏறத்தாழ 23 ரூபாய் 60 காசு. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 59 ரூபாய் சொச்சம். கச்சா எண்ணெயின் விலை, கப்பல் கூலி, சுத்திகரிப்புச் செலவு, குழாய், டேங்கர், எண்ணெய் நிறுவனத்தின் லாபம், பங்க் உரிமையாளரின் கமிஷன் எல்லாம் அந்த 59 ரூபாய்க்குள் அடங்கிவிடுகின்றன. அன்று நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டவர் நாற்பது ரூபாய்க்கு மேல் வரி கட்டினார்.

இதை எத்தனை பேர் அறிவார்கள்? பெங்களூரின் தர்ஷினி உணவகம் ஒன்றில் இட்லி வாங்கினால், மத்திய ஜி.எஸ்.டி. இவ்வளவு, மாநில ஜி.எஸ்.டி. இவ்வளவு என்று பில்லில் தனித்தனியே அச்சாகிறது. பங்கில் ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் ரசீதில் லிட்டரும் தொகையும் இருக்கும், வரி இருக்காது. இட்லிக்கு உள்ள கணக்கு எண்ணெய்க்கு இல்லை. விலை ஏறும்போது மாநிலம் மத்திய அரசைக் காட்டுவதும், மத்திய அரசு மாநிலத்தைக் காட்டுவதும் இந்த இருட்டில்தான் எளிதாகின்றன.

இரண்டு வரிகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. பாதி வழக்கு அதிலிருந்தே பிறக்கிறது. மத்திய அரசின் வரி லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக விதிக்கப்படுகிறது. கர்நாடகத்தின் வரியோ விழுக்காட்டில் உள்ளது. அந்த விழுக்காடு எண்ணெயின் விலைமீது மட்டும் விழுவதில்லை. மத்திய அரசின் கலால் வரியையும் சேர்த்த தொகைமீது விழுகிறது. அதாவது 2024 ஜூனில் 19 ரூபாய் 90 காசு என்ற வரிக்கே மாநிலம் மேலும் ஏறத்தாழ 6 ரூபாய் வரி வாங்கியது. மத்திய அரசு கலாலை ஏற்றினால், மாநிலம் ஒன்றும் செய்யாமலேயே அதன் வருவாய் ஏறும். மத்திய அரசு கலாலைக் குறைத்தால், மாநிலத்தின் சம்மதம் இல்லாமலேயே அதன் வருவாய் குறையும்.

இது கண்ணெதிரே நடந்தது 2021 நவம்பரில். தீபாவளிக்கு முந்தைய நாள் மத்திய அரசு பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் கலாலைக் குறைத்தது. அன்று கர்நாடகத்தின் முதல்வர் பசவராஜ் பொம்மை. அவரும் இரண்டுக்கும் 7 ரூபாய் வீதம் குறைப்பதாக அறிவித்தார். பெங்களூரில் 113 ரூபாய் 93 காசுக்கு விற்ற பெட்ரோல் 100 ரூபாய் 58 காசுக்கு இறங்கியது. 104 ரூபாய் 50 காசுக்கு விற்ற டீசல் 85 ரூபாய் 1 காசுக்கு வந்தது. டீசலில் பத்தும் ஏழும் சேர்ந்தால் பதினேழுதானே? இறங்கியதோ பத்தொன்பதரை. அந்த மிச்சம், வரிக்கு மேல் வாங்கிய வரி மறைந்ததால் கிடைத்தது.

இந்த வழக்குக்கு அரை நூற்றாண்டு வயது. 1973-இல் எண்ணெய் விலை உலகெங்கும் ஏறியபோது இந்திரா காந்தியின் அரசு பெட்ரோல் விலையை உயர்த்தியது. அதை எதிர்த்து அந்த ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி அடல் பிஹாரி வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது அவர் பெங்களூரில் இருந்தார். கைதாகிப் பெங்களூர் மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார். அந்தச் சிறை இருந்த இடத்தில்தான் இன்று சுதந்திரப் பூங்கா இருக்கிறது. ஃப்ரீடம் பார்க் என்றால் நகரத்தில் எல்லோருக்கும் தெரியும். பெங்களூரில் எந்தக் கட்சி போராட்டம் நடத்துவதானாலும் அங்கேதான் நடத்த வேண்டும். பெட்ரோல் விலையை எதிர்த்து மாட்டு வண்டி ஏறியவர் அடைபட்டிருந்த மண்ணில், ஐம்பது ஆண்டு கழித்தும் அதே விலைக்காக எல்லாக் கட்சிகளும் மாறி மாறி மேடை போடுகின்றன.

மாட்டு வண்டியில் போன அதே தலைவர் பிரதமராக இருந்தபோது, 2002 ஏப்ரல் 1 முதல், அரசே விலையை நிர்ணயிக்கும் முறை ஏட்டளவில் முடிவுக்கு வந்தது. நடைமுறையில் முடியவில்லை. அடுத்து வந்த மன்மோகன் சிங் அரசு விலையை அடக்கி வைத்து, எண்ணெய் நிறுவனங்களின் இழப்புக்குப் பத்திரங்கள் எழுதிக் கொடுத்தது. அப்படி எழுதிய எண்ணெய்ப் பத்திரங்கள் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டின. 2010 ஜூனில் பெட்ரோல் விலையைச் சந்தைக்கு விட்டதும் அதே அரசுதான். ஜூலை 5-ஆம் தேதி பாரதிய ஜனதாவும் இடதுசாரிகளும் நாடு தழுவிய பந்த் நடத்தினார்கள். 2014 அக்டோபரில் நரேந்திர மோதி அரசு டீசல் விலையையும் சந்தைக்கு விட்டது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாறும் என்றானது. 2018 செப்டம்பர் 10-ஆம் தேதி பந்த் நடத்தியது காங்கிரஸ். கோஷம் மாறவில்லை, கொடி மட்டும் மாறியிருந்தது.

உலகச் சந்தையில் ஏறினால் இங்கே ஏறும், இறங்கினால் இங்கே இறங்கும். வாக்குறுதி அதுதான். அப்படி நடந்ததா?

2014 இறுதியில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. 2016 ஜனவரிக்குள் மத்திய அரசு ஒன்பது முறை கலாலை ஏற்றியது. பெட்ரோலுக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்தது 21 ரூபாய் 48 காசாயிற்று. டீசலுக்கு 3 ரூபாய் 56 காசாக இருந்தது 17 ரூபாய் 33 காசாயிற்று. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்கும் கீழே போனது. அந்த மே மாதம் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஒரே நாளில் கலால் கூடியது. பெட்ரோலியப் பொருள்களிலிருந்து மத்திய அரசுக்குக் கிடைத்த கலால் வருவாய் 2014-15-இல் சுமார் 99 ஆயிரம் கோடி ரூபாய். 2020-21-இல் சுமார் 3 லட்சத்து 73 ஆயிரம் கோடி. பழைய அரசின் எண்ணெய்ப் பத்திரக் கடன்தான் வரியைக் குறைக்க விடவில்லை என்று 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார். பத்திரச் சுமை உண்மைதான். ஆனால் அந்தப் பத்திரங்களின் மொத்தத் தொகையைவிட, ஒரே ஆண்டில் வந்த கலால் இரண்டு மடங்குக்கும் மேல்.

சந்தை இறங்கியதன் பலன் வரியாயிற்று. சந்தை ஏறியபோது? அப்போது விலையைத் தீர்மானித்தது தேர்தல் நாட்காட்டி. கர்நாடகமே இதற்குச் சாட்சி. 2018 மே 12-ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல். நாள்தோறும் மாற வேண்டிய விலை ஏப்ரல் 24 முதல் 19 நாள்கள் அசையவில்லை. வாக்குப்பதிவு முடிந்த மறுநாளைக்கு மறுநாள், மே 14-ஆம் தேதி, மீண்டும் ஏறத் தொடங்கியது. உத்தரப் பிரதேசத் தேர்தல் காலத்தில் நான்கு மாதத்துக்கும் மேல் அசையாமல் நின்ற விலை 2022 மார்ச் 22-இல் அவிழ்ந்தது. அடுத்த பதினாறு நாளில் லிட்டருக்கு 10 ரூபாய் கூடியது. 2024 மார்ச் 15-இல் 2 ரூபாய் குறைந்தது; மக்களவைத் தேர்தல் அட்டவணை மறுநாள் வந்தது. மாநில அரசு மட்டும் வேறு வழியில் போனதா? ஜூன் 4-இல் வாக்கு எண்ணி முடித்தார்கள். ஜூன் 15-இல் முதல்வர் சித்தராமையாவின் காங்கிரஸ் அரசு பெட்ரோல், டீசல் வரியை ஏற்றியது. நாட்காட்டியைப் பார்த்து விலை வைப்பதில் இரண்டு அரசுகளுக்கும் வேறுபாடு இல்லை. வாக்குச் சாவடிக்கு முன் ஒரு விலை, பின் ஒரு விலை என்பது வாக்காளரை மதிக்காத செயல். அதை யார் செய்தாலும் அப்படியே சொல்ல வேண்டும்.

கர்நாடகத்தின் வரி ஏணியைத் தனியே பார்க்க வேண்டும். 2018 ஜூலையில் முதல்வர் குமாரசாமி விவசாயக் கடன் தள்ளுபடி அறிவித்த பட்ஜெட்டில் பெட்ரோல் வரி 30-லிருந்து 32 விழுக்காடாகவும், டீசல் வரி 19-லிருந்து 21 ஆகவும் ஏறின. செப்டம்பரில் பந்த் முடிந்து ஒரு வாரத்தில், கலபுரகியில் நின்று அவரே லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தார். 2019 ஜனவரியில், கச்சா எண்ணெய் விலை இறங்கியிருந்த நேரம் பார்த்து, பழைய 32-க்கும் 21-க்கும் திரும்பினார். 2020 மார்ச்சில் எடியூரப்பா அதை 35-ஆகவும் 24-ஆகவும் ஆக்கினார். 2021 நவம்பரில் பொம்மை 25.92-க்கும் 14.34-க்கும் இறக்கினார். 2024 ஜூனில் சித்தராமையா 29.84-க்கும் 18.44-க்கும் ஏற்றினார். 2025 ஏப்ரல் 1 முதல் டீசல் மட்டும் 21.17 ஆனது. ஏழு ஆண்டு, நான்கு முதல்வர்கள், மூன்று கட்சிகள். ஏற்றாத கட்சி ஒன்றும் இல்லை.

2024-இன் ஏற்றத்தை எதிர்த்து மாநிலமெங்கும் பாரதிய ஜனதா தெருவில் இறங்கியது. சிவமொக்காவில் ஜூன் 17-ஆம் தேதி ஆர்ப்பாட்டத்துக்கு வந்த முன்னாள் மேலவை உறுப்பினர் எம்.பி. பானுபிரகாஷ் மயங்கி விழுந்து மாரடைப்பால் இறந்தார். தேர்தலில் வாக்குறுதி கொடுத்த ஐந்து கியாரண்டித் திட்டங்களுக்குப் பணம் போதாமல் மக்களின் பையில் கை வைக்கிறார்கள் என்பது எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டு. மற்றத் தென் மாநிலங்களைவிடக் கர்நாடகத்தில் வரி குறைவு, வளர்ச்சிப் பணிகளுக்குப் பணம் வேண்டும் என்பது அரசின் பதில். இரண்டு பேச்சும் முழுமையானவை அல்ல. கியாரண்டித் திட்டங்களுக்கு அந்த ஆண்டு ஒதுக்கிய தொகை சுமார் 52 ஆயிரம் கோடி ரூபாய். இந்த வரி ஏற்றத்தால் கிடைக்கும் என்று எதிர்பார்த்ததோ மூவாயிரம் கோடிக்கும் குறைவு. இருபதில் ஒரு பங்கு அளவுள்ள வரவை வைத்துக் கியாரண்டியை நடத்த முடியாது. அதே நேரத்தில், பெரும் செலவைத் தலையில் ஏற்றிக்கொண்ட அரசு எந்த வரவையும் விட்டுவைக்காது என்பதும் உண்மை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். வருவாய்க்கு மாநிலம் ஏன் பெட்ரோலையே தேடிப் போகிறது? 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலம் தன் விருப்பப்படி ஏற்றி இறக்கக்கூடிய பெரிய வரிகள் சிலவே மிஞ்சின. பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு, வாகனம். அவற்றுள் பெட்ரோல், டீசல் வரி வசூலிக்க எளிதானது. கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம். சில எண்ணெய் நிறுவனங்களே வாங்கிக் கட்டிவிடும்.

இதோடு சேர்ந்தது பங்கீட்டுக் குறை. 2024-இல் மத்திய அரசு வாங்கிய 19 ரூபாய் 90 காசு முழுவதும் மாநிலங்களோடு பகிரப்படவில்லை. அதில் அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசு மட்டுமே பகிர்வுக்கு உரியது. மற்றவை சாலை செஸ், வேளாண் செஸ், சிறப்புக் கூடுதல் கலால். அரசியல் சட்டத்தின் 270-ஆம் பிரிவு செஸ்ஸையும் கூடுதல் தீர்வையையும் பகிர்விலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அந்த 1 ரூபாய் 40 காசில் 41 விழுக்காடு எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்த்து. அதாவது 57 காசு. அதில் பதினைந்தாவது நிதி ஆணையம் கர்நாடகத்துக்குக் கொடுத்த பங்கு 3.647 விழுக்காடு. கணக்குப் போட்டால், நாட்டில் விற்ற ஒவ்வொரு லிட்டரின் மத்திய வரியிலிருந்தும் கர்நாடகத்துக்கு வந்தது ஏறத்தாழ 2 காசு.

முந்தைய நிதி ஆணையத்தில் கர்நாடகத்தின் பங்கு 4.713 விழுக்காடாக இருந்தது. அது குறைந்த வருத்தம்தான் 2024 பிப்ரவரி 7-ஆம் தேதி சித்தராமையாவையும் அவருடைய அமைச்சர்களையும் டெல்லி ஜந்தர் மந்தருக்குக் கொண்டுபோனது. 'நம் வரி, நம் உரிமை' என்ற முழக்கத்தின் ஆழத்தில் இந்தக் காசுக் கணக்கு கிடக்கிறது. தமிழ்நாட்டில் பழனிவேல் தியாகராஜன் நிதியமைச்சராக இருந்தபோது இதே வாதத்தை வைத்தார். 2021 ஆகஸ்டில் தம் முதல் பட்ஜெட்டில் பெட்ரோல் வரியை 3 ரூபாய் குறைத்தபோதும் அந்த வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மத்திய அரசின் பதிலும் கேட்கத் தக்கதே: செஸ் பணம் மாநிலங்களில் ஓடும் சாலைகளுக்கும் திட்டங்களுக்குமே செலவாகிறது, 2022 மே மாதம் பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் குறைத்தபோது பகிர்வுக்குரிய பகுதியில் கை வைக்கவில்லை. ஆனால் எந்தச் சாலை, எந்தத் திட்டம் என்று முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது? வழக்கின் வேர் அங்கே இருக்கிறது. விலைச் சண்டையாகத் தெருவில் தெரிவது, உள்ளே போனால் கூட்டாட்சிச் சண்டை.

அந்தச் சண்டையில் மிதிபடுகிறவர்கள் யார்? பெட்ரோல் போடுகிறவரைவிட டீசலை நம்பியிருப்பவர். பெட்ரோல் விலை ஸ்கூட்டர்காரரின் பையை நேராகத் தொடுகிறது. டீசல் விலை ஸ்கூட்டரே இல்லாதவரின் சமையலறைக்குள் நுழைகிறது. கோலாரிலிருந்து தக்காளி டீசலில் வருகிறது. கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலை இறங்கும் மூட்டை ஒவ்வொன்றிலும் லாரி வாடகை ஏறியிருக்கிறது. 2025 ஜனவரி 5 முதல் கர்நாடகத்தின் நான்கு அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் பஸ் கட்டணத்தை 15 விழுக்காடு உயர்த்தின. அதற்குச் சொன்ன முதற் காரணங்களில் ஒன்று டீசல் செலவு. அந்தப் பஸ்கள் போடும் டீசலுக்கும் மாநில அரசே வரி வாங்குகிறது. கியாரண்டிகளில் ஒன்றான சக்தி திட்டத்தில் பெண்களை இலவசமாக ஏற்றிச் செல்லும் பஸ், அதே அரசுக்கு லிட்டருக்கு லிட்டர் வரி கட்டிக்கொண்டுதான் ஓடுகிறது.

எல்லைப் பகுதியில் இந்த வரிக் கணக்கு வேறொரு வடிவம் எடுக்கிறது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். மாநிலம் மாறும், வரி மாறும். 2024 ஜூன் ஏற்றத்துக்குப் பிறகும் டீசல் சென்னையில் 92 ரூபாய்க்கு மேல், பெங்களூரில் 88 ரூபாய் 95 காசு. பெட்ரோலோ தலைகீழ்: சென்னையில் 100 ரூபாய் 75 காசு, பெங்களூரில் 102-ஐத் தாண்டியது. நூற்றுக்கணக்கான லிட்டர் பிடிக்கும் லாரிக்கு லிட்டருக்கு மூன்று ரூபாய் வேறுபாடு சிறிய காரியமா? தமிழ்நாட்டுக்குப் போகும் லாரி எல்லைக்கு இந்தப் பக்கமே டேங்க்கை நிரப்பிக்கொள்ளும். அந்த வேறுபாடு குறையக் குறைய அந்த விற்பனையும் அதனோடு வரும் வரியும் கர்நாடகத்தின் கையை விட்டுப் போகும்.

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகச் சிலர் சொல்வது ஜி.எஸ்.டி. பெட்ரோலையும் டீசலையும் அதற்குள் கொண்டுவந்தால் நாடு முழுவதும் ஒரே வரி என்பது வாதம். அரசியல் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. தேதியைப் பரிந்துரைக்கும் பொறுப்பு ஜி.எஸ்.டி. கவுன்சிலுடையது. கேரள உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ஒட்டி, 2021 செப்டம்பர் 17-ஆம் தேதி லக்னோவில் கூடிய கவுன்சில் இதைப் பேசியது. இப்போது வேண்டாம் என்று முடிவெடுத்தது. கட்சி வேறுபாடு மறந்து மாநிலங்கள் ஒன்றுபட்ட அரிய தருணம் அது. தம் கையில் மிஞ்சியிருக்கும் வரியை எந்த மாநிலம்தான் கொடுத்துவிடும்? மக்களுக்கு விலை குறையலாம். ஆனால் பள்ளி ஆசிரியரின் சம்பளத்துக்கும் மருத்துவமனையின் மருந்துக்கும் அந்தப் பணம் வேறெங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு டெல்லி உறுதியான விடை சொல்லாத வரை மாநிலங்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

எண்ணெய் நிறுவனங்களும் இந்தக் கணக்கில் உண்டு. 2022 ஏப்ரலுக்குப் பிறகு அவை நாள்தோறும் விலை மாற்றும் வழக்கத்தைக் கைவிட்டன. உக்ரைன் போரின்போது கச்சா எண்ணெய் 120 டாலரைத் தொட்ட மாதங்களில் நஷ்டத்தில் விற்றன. பிறகு சந்தை இறங்கியது. ரஷ்ய எண்ணெய் தள்ளுபடியில் வந்தது. 2023-24-இல் மூன்று அரசு நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 81 ஆயிரம் கோடி ரூபாய் லாபம் ஈட்டின. முன்னைய நஷ்டத்தை ஈடுகட்டினோம் என்கிறார்கள். எவ்வளவு ஈடாயிற்று, எப்போது போதும் என்பதைச் சொல்லும் பொதுவான சூத்திரம் மக்கள் முன் வைக்கப்படவில்லை.

இந்த நூல்கள் எல்லாம் ஒரே முடிச்சில் சேர்ந்த மாதம் 2025 ஏப்ரல். முதல் தேதியில் கர்நாடகம் டீசல் வரியை ஏற்றியது. பெங்களூரில் விலை 91 ரூபாய் 2 காசாயிற்று. இரண்டாம் தேதி சுதந்திரப் பூங்காவில் பாரதிய ஜனதா இரவு பகல் தர்ணாவில் அமர்ந்தது. ஏழாம் தேதி மைசூரில் 'ஜனாக்ரோஷ' யாத்திரையைத் தொடங்கியது. அதே ஏழாம் தேதி டெல்லியில் மத்திய அரசு பெட்ரோலுக்கும் டீசலுக்கும் கலாலை 2 ரூபாய் ஏற்றியது. உலகச் சந்தை சரிந்திருந்ததால் அந்த ஏற்றம் பங்கில் தெரியாது, நிறுவனங்கள் தாங்கிக்கொள்ளும் என்றார்கள். அதாவது இறங்கியிருக்க வேண்டிய விலை இறங்கவில்லை. சமையல் எரிவாயு சிலிண்டருக்கும் 50 ரூபாய் கூடியது. மைசூரில் யாத்திரை கிளம்பிய அன்றைக்கே காங்கிரஸுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஏப்ரல் 17-ஆம் தேதி, அதே சுதந்திரப் பூங்காவில், முதல்வரும் துணை முதல்வர் டி.கே. சிவகுமாரும் மத்திய அரசை எதிர்த்து மேடை ஏறினார்கள்.

இரண்டு மேடைக்கும் நடுவே லாரிகள் நின்றன. டீசல் விலை, சுங்கச் சாவடிக் கட்டணம், எல்லைச் சோதனைச் சாவடித் தொல்லை ஆகியவற்றை எதிர்த்து, ஜி.ஆர். சண்முகப்பா தலைமையிலான கர்நாடக லாரி உரிமையாளர் கூட்டமைப்பு ஏப்ரல் 14 நள்ளிரவு முதல் வேலைநிறுத்தம் செய்தது. அரசோடு பேச்சு நடந்து, 17-ஆம் தேதி லாரிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. டீசல் மீதான 21.17 விழுக்காடும், கலாலில் கூடிய 2 ரூபாயும் இருந்த இடத்திலேயே இருந்தன.